இருட்டாக் கிடக்கு

கரண்ட் போய்விட்டது. முள்ளியவளையில் மழை இருண்டாலே அது போய்விடும். குப்பி விளக்கைத் தேடிக் கொளுத்தினேன். மண்ணெண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் ரிவ்கா ஆச்சி பக்கத்தில் வந்து குந்திக்கொண்டது போல இருந்தது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். திருத்தி எழுதினால் அது அவள் பாடு.

ரிவ்கா ஆச்சி யூத மனுசி. யூதர் நாட்டுத் துறைமுக ஊரான ஹைஃபாவில் அவரைப் பராமரிக்கும் வேலைக்குப் போயிருந்தேன். அதற்கு முன் ஜோர்தானில் வீட்டு வேலை செய்ததில் எனக்கு அரபு கொஞ்சம் வரும். ஆச்சிக்கு நன்றாகவே வரும், அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

போன முதல் வெள்ளிக்கிழமை, பொழுது படுகிற நேரம். கூடத்து விளக்கும் ஹீட்டரும் சும்மா எரிந்துகொண்டிருந்தன. மனுசி மறந்துவிட்டார் என்று இரண்டையும் நிறுத்தினேன். சிக்கனமானவள் என்று புகழுவார் என்ற எண்ணம் வேறு.

"இருட்டாக் கிடக்கு," என்றார் ஆச்சி.

"ஓம் அம்மா, பொழுது பட்டுப் போச்சுத்தானே."

"குளிருது."

போர்வை கொண்டுவந்து போர்த்தினேன்.

"நல்லாக் குளிருது."

இன்னொரு போர்வை.

காலையில் ஆச்சியின் மகள் வந்து பார்த்தபோது, இரண்டு போர்வைக்குள் ஆச்சி நடுங்கிக்கொண்டிருந்தார். மகள் சத்தம் போட்டார். பாஷை விளங்காவிட்டாலும் கை வாசலைக் காட்டியது விளங்கியது. கிளிநொச்சியில் என் பிள்ளையின் படிப்பு முழுக்க அந்த வேலையில்தான் தொங்கியது. குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

ஆச்சி கூப்பிட்டார். "அழாதை. ஜமீலாவுக்கும் முதல் விளங்கேல்லை."

வெள்ளைக்காரன் அந்த நாட்டை ஆண்ட காலம். ஆச்சி சிறு பிள்ளை. ஒரே முற்றம், ஒரே கிணறு, இரண்டு வீடு. ஒன்றில் இவர்கள், மற்றதில் அரபு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைதான் ஜமீலா. வெள்ளி பொழுது பட்டதிலிருந்து சனி பொழுது படும்வரை யூதர்களுக்கு ஓய்வு நாள்; நெருப்பு மூட்டக் கூடாது, விளக்கைத் தொடக் கூடாது, தொடச் சொல்லி இன்னொருவரைக் கேட்கவும் கூடாதாம். வீடு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். ஆச்சியின் தாய் முதல்தரம் இருட்டாக் கிடக்கு என்றபோது, "எங்கடை வீட்டிலையும் இருட்டுத்தான் மாமி," என்றுவிட்டு ஜமீலா ஓடிவிட்டாளாம். ஆச்சி இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் அழுகைக்குள் சிரிப்பு வந்தது.

பிறகு அவள் பழகிவிட்டாள். வெள்ளைக்கார ஆமி ஊரடங்கு போட்டுத் தெருவில் துவக்கோடு நிற்கும். ஜமீலா முற்றத்தால் வந்து மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிவிட்டுப் போவாள். நோன்பு மாதத்தில் அவள் நோன்பு திறக்க, ஆச்சி மண் கூஜாவில் தண்ணீரைக் குளிர வைத்திருப்பார். ஆச்சிக்கு அரபு வந்தது அந்த முற்றத்தில்தான்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற நேரம் யூதருக்கும் அரபுகளுக்கும் சண்டை வந்தது. இரண்டு கிழமையில் வந்துவிடுவோம் என்று சொல்லி ஜமீலா வீட்டார் துறைமுகத்தில் படகு ஏறினார்கள்.

"அந்த வெள்ளிக்கிழமை அம்மா சுவரைப் பாத்து இருட்டாக் கிடக்கு எண்டவ," என்றார் ஆச்சி. "ஒருத்தரும் வரேல்லை."

நான் எழும்பிப் போய் ஹீட்டர் சுவிச்சைப் போட்டேன். ஆச்சி போர்வைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். மகள் பிறகு வாசலைக் காட்டவில்லை. ஆச்சி கண்ணை மூடும்வரை அங்கேதான் நின்றேன்.

இங்கே, என் வேலிக்கு அந்தப் பக்கம் சுபைதா இருந்தாள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாளில், இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பையோடும் என் படலையடியில் வந்து நின்றாள்.

"அக்கா, இருட்டுது," என்றாள்.

"ஓம் பிள்ளை, கெதியா வெளிக்கிடுங்கோ," என்றேன்.

ஹைஃபாவுக்குப் போவதற்கு எத்தனையோ வருசம் முந்தி அது. விளங்காமல்தான் சொன்னேன் என்று பேத்தியை எழுதச் சொன்னேன். பிறகு அதை வெட்டச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் இப்போது வெறும் வளவு. கரண்ட் இன்னும் வரவில்லை.