ஒல்லாந்தன் என்னை வெளியே இருத்தினான்

அந்த ஒல்லாந்தனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. பிற்பாடு அவன் பெரிய கழகங்களுக்குப் பயிற்றுநராகித் தொலைக்காட்சியிலும் முகம் காட்டினான். காட்டட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், மொன்றியலில் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. பியர்பொன்ட்ஸ் பூங்காவில் பயிற்சி. நான் பின்வரிசையின் நடுவில் நிற்பவன், அணியில் மூத்தவன். ஒரு கிண்ணமும் கிடைக்காத ஆத்திரத்தில் சங்கம் அவனைப் பிடித்து வந்தது. ஒல்லாந்தில் பின்வரிசை ஆடியவனாம். முழங்கால் போனபிறகு பயிற்றுநராகி, கியூபெக் மனைவியோடு இங்கே வந்து சேர்ந்தவனாம். “யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திக் கட்டின ஆக்கள், எங்கட பின்வரிசையையும் கட்டித் தருவினம்” என்று நானே பகிடி விட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவனுடைய வித்தை ஓஃப்சைட் பொறி. பின்வரிசையில் நிற்கும் நால்வரும் ஒரே நேரத்தில் முன்னுக்கு ஏறவேண்டும். எதிரணிக்காரன் பின்னால் தனியாக மாட்டுவான்; அந்த நேரம் அவனுக்குப் பந்து அடித்தால் பிழை என்று நடுவர் விசில் ஊதிவிடுவார். ஒருவன் பின்தங்கினாலும் பொறி பிழைத்துவிடும். ஆகவே ஆளை ஆள் கத்தி ஏற்றவேண்டும் என்றான். என்னைப் பார்த்து யார் கத்துவது? பக்கத்தில் நின்ற பெடியன், “அண்ணை, கொஞ்சம் முன்னுக்கு வாறியளே?” என்பான். அவன் கேட்டு முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும்.

அடுத்தடுத்துத் தோற்றதும், ஒல்லாந்தன் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னான்: “நீ மோசமாக ஆடவில்லை. ஆனால் நீ நிற்கும் வரிசையில் எவனும் வாய் திறக்கமாட்டான். வெளியே இரு.”

என் மனைவி பெடியன்கள் தின்னச் சுட்டுவந்த ரோல்ஸ் பெட்டியோடு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெடியன்கள் மரியாதை வைத்தது என் குற்றமா? எனக்கு இரத்தம் கொதித்தது. ‘பொறடா, உனக்குக் காட்டுறன்’ என்று கறுவிக்கொண்டு, லவாலில் இருந்த இன்னொரு தமிழ் அணிக்குப் போனேன். ஆடுவதற்கு வயது போய்விட்டது என்றார்கள். சரி, நானும் பயிற்றுநரானேன்.

அடுத்த கோடையில் இரண்டு அணிகளும் இறுதி ஆட்டத்தில் சந்தித்தன. கோலில்லாமல் இழுபட்டு ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்கள் ஆள் பந்தை முன்னுக்கு அடிக்கக் காலைத் தூக்கினான். அவர்களுடைய வரிசை ஏறத் தொடங்கியது. நான் கரையில் நின்று, முன்பு என் பக்கத்தில் ஆடிய அதே பெடியனைப் பார்த்து அடித்தொண்டையால் கத்தினேன்: “தம்பி, நில்லடா!”

நின்றான். மற்ற மூவரும் ஏறிவிட்டார்கள். பொறி பிழைத்தது, எங்கள் ஆள் தனியாகப் போய்க் கோல் அடித்தான். நடுவர் கியூபெக்காரர், தமிழ் எங்கே விளங்கப்போகிறது? அப்பாடா! ஒரு வருடம் எரிந்த வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஒல்லாந்தன் நேரே என்னிடம் வந்தான். பின்னால் அவனுடைய பெடியன்கள். “என்ன கத்தினாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் முகம் கறுக்கும் என்று ஆசையோடு பார்த்து நின்றேன். கறுக்கவில்லை. தன் அணியின் பக்கம் திரும்பி, “இவனை ஏன் வெளியே இருத்தினேன் என்று இப்போது விளங்குகிறதா?” என்றான்.

“ஓம்” என்று முதலில் தலையாட்டியவன், நான் சொன்னதும் நின்ற அந்தப் பெடியன்தான்.