பதுளை மைதானத்தில் பெரட்டுத் தப்பு

பதுளைக்கு ரயில் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளை டவுன் குழுவோடு மோதுவதற்காக எங்கள் தேயிலைத் தோட்டத்து உதைபந்துக் குழு அப்புத்தளையில் ரயிலேறியது. ஆடப் போகிறவர்கள் பதினொரு பேர். ஆட்டம் பார்க்கிறோம் என்று கூடவே ஏறியவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரான நானும் என் ஆறு வயது மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம்.

நான் இயல்பிலேயே பயந்த மனிதன். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை அவள். அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். "கைய மட்டும் விட்டுறாதீங்க" என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதை எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் ஒரு சின்னத் தகராறு. எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் தப்பு என்கிற பறையை அடித்து, லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்களை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுப்புகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரும் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"டவுனுக்குப் போறோம். சாவுக்கு அடிக்கிறத அங்க எதுக்குத் தூக்கிட்டு வர்ற? பாக்கிறவங்க சிரிப்பாங்க" என்றேன்.

"சாவுக்கு மட்டுமாங்க அடிக்கிறேன்? தெனம் விடிய உங்கள எழுப்புறது யாருங்க, வாத்தியாரய்யா?" என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுருங்கியது. அதைப் பார்த்த அவர், தப்பை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, அடுத்த பெட்டியில் போய் ஏறிக்கொண்டார்.

மகளுக்கு அதுதான் முதல் ரயில் பயணம். இருட்டோடு எழுந்து புறப்பட்டவள், ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை. தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வந்து, தான் வந்த பாதைக்கு அடியிலேயே நுழைந்தபோது கைதட்டினாள்.

மைதானத்தில் பதுளையே திரண்டிருந்தது. எங்களை ஒரு மூலையில் நிற்கவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு தேத்தண்ணிக் கடை. எல்லாரும் 'நானா' என்று கூப்பிடுகிற, தொப்பி போட்ட முஸ்லிம் கடைக்காரர், அடுப்பைக் கவனித்துக்கொண்டே எங்களைச் சீண்டினார்.

"என்ன, கொழுந்துக் கூடையெல்லாம் எங்க? பந்த அள்ளிக்கிட்டுப் போக ஒண்ணும் கொண்டு வரல்லியா?"

"வலையில விழுறத எண்ணிக்கிட்டே இருங்க நானா, கூடை வேணுமா வேணாமான்னு தெரியும்!" என்று எங்கள் ஆட்களில் ஒருவன் திருப்பிக் கொடுத்தான்.

அவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எங்கள் பையன் ஒருவன் பந்தை வலைக்குள் அடித்துவிட்டான். ஆயுளில் ஒரு நாளும் உரக்கக் கத்தியறியாத நான் கத்தினேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் யாரையோ கட்டிப்பிடித்தேன்.

கையை இறக்கியபோது மகள் பக்கத்தில் இல்லை.

முதலில் கால்களுக்கிடையில் தேடினேன். பிறகு கடைக்குப் பின்னால். பிறகு, எங்கே போகிறேன் என்று தெரியாமலே ஓடினேன். எங்கள் ஆட்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்; அத்தனை பேர் போட்ட கூச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்று ரயிலில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. கடை வாசலுக்கே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்ற ஒன்றே மனதில் சுற்றியது.

அப்போது தப்படிக்கிறவர் சாக்கோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, கூப்புடுற சத்தம் இந்தக் கூட்டத்துல எடுபடாதுங்க. நம்ம பெரட்டு அடிய அடிக்கட்டுங்களா? புள்ளைக்கு அது தெரியும்."

அந்த நிலையிலும் என்னிடம் அனுமதி கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். சாக்கை அவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஈரத் துணியைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. "மலைப் பனியில ஊறிப் போச்சுங்க. சூடு காட்டணும்" என்று கடைக்காரரைப் பார்த்தார்.

நானா உடனே கொதிக்கிற கேத்தலை இறக்கிக் கீழே வைத்தார். "இங்க காட்டுங்க. நல்லாக் காட்டுங்க" என்றார். தோல் காயும் வரைக்கும் என் தோளில் கைவைத்து, "பயப்படாதீங்க வாத்தியார், அல்லா இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பெஞ்சின் மேல் ஏறி, தொப்பியைக் கழற்றி வீசிக் கத்தினார்.

"புள்ளையொண்டு காணோம்! சத்தம் போடாதீங்க! கொஞ்சம் வாய மூடுங்க எல்லாரும்!"

சிங்களத்திலும் அதையே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிச் சொன்னார்கள். கூச்சல் அலையலையாக அடங்கியது. பந்துகூட நின்றுவிட்டது. அந்த அமைதியில் எங்கள் தோட்டத்துப் பெரட்டு அடி விழுந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அடி உண்டு. எங்களுடையது மூன்று நீண்ட அடி, பிறகு பொரிகிற மாதிரி ஓர் ஓட்டம். தினமும் நான் எரிச்சலோடு போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற அதே அடி.

மைதானத்துக்கு வெளியே, மொனராகலைக்குச் சாமான் ஏற்றிப்போகிற மாட்டு வண்டிகள் நின்றிருந்தன. முதல் வண்டியில் மாடு பூட்டியாகிவிட்டது. அதில் கிடந்த வைக்கோல் அசைந்தது. வண்டிக்காரரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். மாடு பார்க்கப் போனவள், தூக்கம் தாங்காமல் ஏறிப் படுத்திருக்கிறாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் கேட்டது:

"விடிஞ்சிருச்சாப்பா?"

நான் அழுததை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் மிச்ச நேரம் முழுவதும் தப்பு நிற்கவேயில்லை. டவுன் பையன்களும் அதற்குக் கைதட்டினார்கள். நானா மகளுக்கு ஒரு பனிஸ் ரொட்டி கொடுத்து, "அடுத்த முறை தப்ப முதல்லயே வெளிய எடுங்க. அப்பவும் நாங்கதான் வெல்லுவோம்" என்று வழியனுப்பினார்.

திரும்பும்போது, தப்படிக்கிறவரைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்தேன். காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "புள்ள தூங்குது, விடுங்கய்யா" என்றுவிட்டார். மடியில் ஒரு பக்கம் மகளும் மறு பக்கம் தப்புமாக அப்புத்தளை வரை வந்தேன். பண்டாரவளை தாண்டும்போதுகூட அந்தத் தோலில் கொஞ்சம் சூடு இருந்ததுபோலத் தோன்றியது.

இப்போதும் அந்த வண்டி பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் என்று நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் விடியற்காலையில் மூன்று நீண்ட அடி விழும்போது போர்வையை இழுத்து மூடுவதில்லை. கை தானாகப் பக்கத்தில் துழாவி மகளைத் தொடுகிறது, அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.