பூரணியின் வயிற்றில் இருந்தவை: பாடாங் செராயில் நான்கு நாள்

தனம் அக்கா கூப்பிட்டபோது நான் ஈப்போவில் அலுவலகத்துப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பூரணி கன்னு போட்டிருக்கு ஜெயா. பொட்டக் கன்னு. சீம்பால் எடுத்து வெச்சிருக்கேன், லீவு போட்டுட்டு வா லா" என்றார். தனம் அக்கா என் பெரியம்மா மகள். கெடாவில் பாடாங் செராய்க்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறார். மாமா, அதாவது அக்காவின் கணவர், அங்கே குலை வெட்டுகிறார். அக்கா மூன்று மாடுகளை வைத்துப் பால் விற்கிறார். பிள்ளைகள் இல்லை. ஆகவே மாடு ஈன்றால் அந்த வீட்டில் அது பெரிய விசேஷம்.

பள்ளி விடுமுறைக் காலம், அலுவலகத்திலும் வேலை குறைவு. அந்த வாரமே கிளம்பிவிட்டேன்.

என் வலைப்பூவை வாசித்து வருபவர்களுக்குத் தெரியும், பயணத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை நான் வாங்குவதில்லை. இரண்டு எவர்சில்வர் டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கரண்டி, மடித்து வைத்த இரண்டு துணிப்பை. இவ்வளவுதான் கூடுதல் சுமை. இந்த முறையும் அப்படித்தான் புறப்பட்டேன். கெடாவின் சிற்றூர்களில் இது எவ்வளவு தூரம் முடியும் என்று எழுதுவதுதான் திட்டம்.

ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கட்டணம் முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல், எடுக்கும் ரயிலைப் பொறுத்து மாறும். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் செராய்க்கு வாடகைக் காடியில் முப்பத்தெட்டு வெள்ளி ஆனது. பஸ்சும் உண்டு, ஆனால் காத்திருக்கப் பொறுமை வேண்டும். வழியில் லூனாசில் இறங்கி ஓர் ஒட்டுக்கடையில் தோசை வாங்கினேன். டப்பாவை நீட்டியதும் கடைக்கார அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புங்குஸ் கட்டத்தானே கேட்டீங்க?" பார்சல் கட்டுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாண்ணே, இதுலயே வெச்சிடுங்க. சாம்பார அந்தச் சின்ன டப்பாவுல ஊத்துங்க."

"எனக்கு லாபம்தான் லா. பை மிச்சம்" என்று சிரித்து, ஒரு கரண்டி சாம்பார் கூடவே ஊற்றினார். கெடாவில் முதல் வெற்றி என்று படம் எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. சிம்பாங்கில், அதாவது பெரிய சாலையிலிருந்து தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில், செம்பனை மரங்களுக்கு அடியில் குப்பைக் குவியல் ஒன்று கிடந்தது. தோட்டத்துக் குப்பை இல்லை. காடியில் வருகிறவர்கள் நிறுத்தி வீசிவிட்டுப் போவது. முடிச்சுப் போட்ட சிவப்பு, வெள்ளைப் பைகள். பயணத்தில் எத்தனையோ பார்த்தாகிவிட்டது, நான் அதற்காகக் காடியை நிறுத்தவில்லை.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கன்றுக்குட்டி கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. கால்கள் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. பூரணி செவலை மாடு, சாந்தமான கண். அக்கா அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே, "கன்னு போட்டதுலேருந்து தீனி சரியா எடுக்கல. அலுப்பா இருக்கும்போல" என்றார். முன்னால் வைத்த புல் பாதி அப்படியே இருந்தது. அன்று மாலை வெல்லம் போட்டு அவித்த சீம்பாலைத் தின்றுகொண்டே நாங்கள் மூவரும் பழைய கதைகள் பேசிச் சிரித்தோம்.

மறுநாள் விடியலில் அக்காவின் மோட்டோரில் பின்னால் உட்கார்ந்து பால் ஊற்றப் போனேன். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு வீடாக நிறுத்தி, பால் பையை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். ஒவ்வொன்றும் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் பை. வாயை முறுக்கி ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, மாட்டுவதற்கு ஒரு காது விட்டிருப்பார். பார்க்க அழகாகவே இருந்தது.

"ஏங்கா, பையிலதான் கொடுக்கணுமா?"

"வேற எதுல ஊத்துறது புள்ள? பாதிப் பேரு ஷிப்ட்டுக்குப் போயிடுறாங்க. மாட்டிட்டு வந்தா வந்து எடுத்துக்குவாங்க. எல்லாரும் உன்ன மாதிரி டப்பா தூக்கிட்டா திரியுறாங்க?"

நானும் சிரித்துவிட்டேன்.

சனிக்கிழமை கோத்தா கோலா மூடாவுக்குப் போனேன். பாடாங் செராயிலிருந்து நாற்பது கிலோமீட்டர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் வாடகைக்குக் காடி ஓட்டுபவர். போக வர, அங்கே காத்திருப்பது எல்லாம் சேர்த்து எண்பது வெள்ளி கேட்டார். மூடா ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன் பசார் ஒன்று இருக்கிறது. அங்கே கூவி ஏலம் விடுவதில்லை. வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து மீன்காரரின் காதில் தங்கள் விலையை முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். கூடுதலாகச் சொன்னவருக்கு மீன். படகுகள் திரும்பும் முற்பகலில் போனால்தான் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பெரும்பாலும் இருக்காது என்றார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஒரு மலாய் அம்மாவிடம் கெம்பூங் மீன் வாங்கினேன். டப்பாவை நீட்டியதும், "இப்படி எல்லாரும் வந்தால் என் வலையில் பை சிக்காது" என்று மலாயில் சொன்னார். நான் வேடிக்கை என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வலை இழுக்கிற அவர் மகன் மீனைவிடப் பையைத்தான் அதிக நேரம் பிரித்தெடுக்கிறாராம்.

ஆற்றின் முகத்துவாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். மாமா தானாகக் கூப்பிடுகிறவர் இல்லை.

"ஜெயா, பூரணி படுத்துட்டா. எழுந்திரிக்க மாட்டேங்குறா. அக்கா அழுவுறா. சேகரக் கொஞ்சம் வெரசா வரச் சொல்லு."

சேகர் அண்ணன் வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார். எங்களுக்குச் சற்று முன்னால்தான் கால்நடை மருத்துவர் வந்திருந்தார். இளம் மலாய்ப் பெண், கை முழுக்க நீண்ட உறை. பூரணியின் இடது வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது. வாயோரம் நுரை. அசைபோடுவது எப்போது நின்றது என்று மருத்துவர் கேட்டார். அக்கா பூரணியின் கழுத்தை விடாமல் தடவினார். "கன்னு போட்ட அலுப்புன்னு நெனச்சேன், கன்னு போட்ட அலுப்புன்னு நெனச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார், ஊசி போட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்து, உள்ளே ஏதோ கெட்டியாக அடைத்திருக்கிறது, அறுத்து எடுக்க வேண்டும், ஆனால் இந்த உடம்பு தாங்குமா என்று தெரியவில்லை என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். அதற்கான ஏற்பாட்டை அவர் செய்துகொண்டிருக்கும்போதே பூரணி கழுத்தை நீட்டி ஒருமுறை கத்தினாள். கொட்டிலின் மறுபக்கத்திலிருந்து கன்று பதில் கொடுத்தது. அதன் பிறகு பூரணியிடமிருந்து சத்தம் வரவில்லை.

ஏன் செத்தது என்று தெரிந்தால்தான் மற்ற இரண்டு மாடுகளைக் காப்பாற்ற முடியும் என்றார் மருத்துவர். மாமா தலையசைத்தார். அக்காவை உள்ளே போகச் சொன்னோம், போகவில்லை.

வயிற்றைத் திறந்தபோது புல் வரவில்லை. ஒரு தலையணை அளவுக்கு, ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிப்போன பைகள் வந்தன. மருத்துவர் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாகப் பிரித்தார். சிவப்புப் பை, அரிசிச் சாக்கின் நூல், தேநீர் கட்டித் தரும் தே பையின் கயிறு, தின்பண்டப் பையின் பளபளப்பு. முடிச்சுப் போட்ட பைகள் சில முடிச்சு அவிழாமலே இருந்தன. சோற்று வாசனைக்கும் கறி வாசனைக்கும் மாடு பையோடு விழுங்கிவிடும், வெளியே வராது, வருடக்கணக்கில் சேரும் என்றார். எனக்கு சிம்பாங்கில் பார்த்த குப்பைக் குவியல் நினைவுக்கு வந்தது. மாடுகள் மேயப் போவது அந்தப் பக்கம்தான்.

அப்போது அக்கா குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். தெளிந்த பிளாஸ்டிக் பை, மஞ்சளாகியிருந்தது. வாயில் ரப்பர் பேண்ட் இரண்டு சுற்று, மேலே ஒரு காது.

"இது என் கட்டு" என்றார்.

மாமா, "எல்லாக் கடையிலயும் இந்தப் பைதான் தனம். யாரு வேணாலும் கட்டியிருக்கலாம்" என்றார்.

"என் கட்டு எனக்குத் தெரியாதாங்க? பால் வாசத்துக்குத் தின்னிருக்கு. அதோட பால் வாசம்தான்."

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். உறையைக் கழற்றிவிட்டு அக்காவின் தோளில் கை வைத்து, "ஒரு பையால் சாகவில்லை அக்கா" என்று மலாயில் சொன்னார். அக்கா அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை. மாமாதான் பிறகு விரல்களை விலக்கி வாங்கினார்.

தோட்டத்து மண் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டு, மரங்களுக்கு நடுவே பூரணியைப் புதைத்தோம். வயிற்றில் இருந்ததை அவளோடு போடக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். அதைத் தனியாக ஒரு சாக்கில் கட்டினோம். நான் வாங்கி வந்த மீனை யாரும் சமைக்கவில்லை.

மறுநாள் காலை மாடு கறக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். அக்கா மற்ற இரண்டு மாடுகளையும் கறந்து, கன்றுக்குப் புட்டிப் பால் கொடுத்துவிட்டு, மீதியை மூடி போட்ட பெரிய கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார். பைக் கட்டு அலமாரியிலேயே இருந்தது.

"சட்டி கொண்டாந்தாத்தான் பால்" என்றார் என்னிடம்.

மாமாவுக்குக் கவலை. "காலையில வேலைக்குப் போறவங்க கதவத் தொறந்து சட்டி தூக்கிட்டு வருவாங்களா? ஆள் போயிடும் தனம்."

"போனாப் போவட்டும்."

நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் ஒரு மலாய்க்காரப் பெரியவர். அக்கா சொன்னதைக் கேட்டு உள்ளே போய் மைலோ டின் ஒன்றைக் கொண்டு வந்தார். இனி ராத்திரியே இதைக் கேட்டில் மாட்டி வைக்கிறேன், நீ ஊற்றி மூடிவிட்டுப் போ என்றார். எங்களுக்குத் தோன்றாத வழி அது. அடுத்தடுத்து சில வீடுகளில் அக்கா அதையே சொல்லிப் பார்த்தார். சிலர் சரி என்றார்கள். ஒரு வீட்டில், ஆலை உடுப்பில் கிளம்பிக்கொண்டிருந்த பெண் நின்றாள். அக்காவிடம் பல வருடமாகப் பால் வாங்குகிறவள்.

"அக்கா, பையிலயே குடுத்துட்டுப் போங்களேன். சட்டிய யாரு கழுவுறது? எனக்கு வேலைக்கு நேரமாச்சு லா."

"இல்லம்மா... பூரணி..." அக்கா தொடங்கினார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்ததை நான் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "பாவம்கா" என்றாள். "பாவம்" என்று இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு, நாளையிலிருந்து பால் வேண்டாம், கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், பன்னிரண்டு மணி நேர வேலை. அவளை எப்படிக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீடு திரும்பியபோது கேனில் பாதிப் பால் மிச்சம் இருந்தது.

அன்று மதியமே நான் ஈப்போவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ரயிலில் உட்கார்ந்து லூனாசில் எடுத்த படத்தைப் பார்த்தேன். டப்பாவும் தோசையும். என் கையால் ஒரு பை குறைந்தது என்ற அந்த மகிழ்ச்சி எங்கே போனது என்று தெரியவில்லை. பை வாங்காமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் வீசப்பட்ட பை எங்கே போய்ச் சேர்கிறது என்று அதன் பின்னால் போய் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இந்தப் பக்கம் பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டப்பாவை வெட்கப்படாமல் நீட்டுங்கள். லூனாஸ், பாடாங் செராய்க் கடைகளில் யாரும் முகம் சுளிக்கவில்லை. மீன் வாங்க மூடி இறுகும் டப்பா, கொஞ்சம் பெரியதாக வேண்டும். தண்ணீர் நிரப்பிக்கொள்ளச் சாப்பாட்டுக் கடைகளில் கேளுங்கள், தருவார்கள். தே வாங்கினால் கடையில் உட்கார்ந்து குவளையில் குடித்துவிட்டுப் போங்கள், பயணத்தில் அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் இல்லாமல் போகாது. எவ்வளவு பார்த்தாலும் சில பைகள் வந்து சேரத்தான் செய்யும். அவற்றில் மிச்சச் சோற்றைப் போட்டு முடிச்சிட்டுச் சாலையோரத்தில் வீசாதீர்கள். இவ்வளவையும் படிக்க நேரம் இல்லையென்றால் அந்தக் கடைசி ஒன்றையாவது செய்யுங்கள்.

அக்காவிடம் இப்போது வாங்குகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். மிச்சப் பாலைத் தயிராக்கி, கொண்டுவரும் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கிறார். கேட்டில் தூக்குச் சட்டியோ டின்னோ மாட்டி வைக்கிற வீடுகள் ஒன்றிரண்டு கூடியிருக்கின்றனவாம். பிழைப்புக்கு அது போதாது, மாமா கூடுதல் நேரம் குலை வெட்டுகிறார்.

போன வாரம் மாமா கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்து அனுப்பினார். கன்று முதன்முதலாக மேயப் போகிறது. அக்கா அதைக் கயிற்றில் பிடித்து அழைத்துப் போவார் என்று நினைத்தேன். இல்லை. கன்றை மாமா பிடித்திருக்கிறார். அக்கா கையில் சாக்கோடு முன்னால் போகிறார், புல்லை விலக்கி விலக்கிப் பார்க்கிறார், எதையோ எடுத்துச் சாக்கில் போடுகிறார், மறுபடியும் குனிகிறார். கன்றுக்கு அது விளையாட்டு, அக்காவின் முதுகில் முட்டுகிறது. ஒரு நிமிடத்துக்குக் குறைவான காணொளிதான். அது முடியும்வரை அக்கா நிமிரவே இல்லை.