லாப்பாவுக்குக் கிடைக்காத மஞ்சள் அட்டை

பெல்மீரு கனீசு என்று கேட்டால் எங்கள் போர்ட்டோ சலேமாவில் தபால்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். லாப்பா என்று கேட்டால் தெருநாய் வந்து வீட்டைக் காட்டும். கடல் பாறையில் ஒட்டிக்கொண்டு, கத்தி கொடுத்து நெம்பினாலும் வராத சிப்பிக்கு அந்தப் பெயர். எதிரணியில் எவன் நன்றாக ஆடுகிறானோ அவன் முதுகில் இவன் ஒட்டிக்கொள்வான். ஆட்டம் முடிந்து அவன் குளிக்கப் போகிற வரைக்கும் விடமாட்டான்.

லாப்பா என் தங்கை இதலீனாவின் புருஷன். நான் சலேமென்ஸ் கழகத்தின் பஸ் ஓட்டுகிறவன். வீட்டு விருந்திலும் அவன் முகம், பஸ் கண்ணாடியிலும் அவன் முகம். அவனைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆளில்லை.

அவன் நடுக்கள ஆட்டக்காரன். அதிலும் தற்காப்புக்காரர்களுக்கு முன்னால் நிற்கிறவன். அந்த இடத்தில் நிற்பவனைத் தாழ்ப்பாள் என்றுதான் போர்ச்சுக்கல் முழுக்கச் சொல்வோம். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தாழ்ப்பாளை யார் தூக்குவது? கதவு திறந்து போனால்தான் அவன் பெயரையே சொல்வார்கள், அதுவும் அம்மாவைச் சேர்த்து.

அவன் அப்பா மத்திப் படகில் போனவர். மகனும் படகேறுவான் என்று பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார், ரப்பர் பூட்ஸ். இவன் வேறு பூட்ஸ் போட்டுக்கொண்டு வடக்கே போய்விட்டான். மழை நிற்காத ஒரு ஊரில் இரண்டாம் பிரிவுக் கழகம். அடித்தும் ஆடினான், அடிபட்டும் ஆடினான். ஒரே ஒரு வருஷம் முதல் பிரிவிலும் ஆடினான். லிஸ்பனுக்குப் போய் ஒரு பெரிய கழகத்துக்கு எதிராக இறங்கிய அன்று ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். நான் பீர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். அப்புறம் சைப்ரஸ். அங்கே வெயில் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. முப்பத்துநாலு வயதில் முட்டியில் தையலோடு எங்கள் கழகத்துக்கே வந்து சேர்ந்தான். மூன்றாம் பிரிவு. காற்று அடித்தால் கடல் உப்பு வந்து உதட்டில் ஒட்டும் மைதானம்.

மூன்று வருஷம் ஆடினான். அந்த மூன்றாவது வருஷக் கடைசியில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கழகத்துக் கூடத்தில், தோனா எர்மீனியா காப்பி போடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. மேல் பிரிவுக்கு ஏறிய அணிகளின் படம் மட்டும்தான் அதில் தொங்கும். அந்தக் கடைசி ஆட்டம் தொடங்குவதற்கு முன், களமிறங்கும் பதினொரு பேரை நிறுத்தி எடுக்கிற படம். ஆறு பேர் நிற்பார்கள், ஐந்து பேர் குத்த வைத்திருப்பார்கள். பதினொன்றில் இல்லையென்றால் படத்திலும் இல்லை. வருஷம் பூராவும் ஆடிவிட்டு அன்றைக்குக் காய்ச்சலில் படுத்தவன் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தச் சுவரைப் பார்க்காமல்தான் காப்பி குடிப்பான். அப்படி ஒருவர் எங்களிடம் உண்டு.

லாப்பா ஆடிய கழகங்கள் இரண்டு முறை மேலே ஏறியிருக்கின்றன. ஒரு முறை முட்டி போய்விட்டது. மறுமுறை தண்டனையில் வெளியே உட்கார்ந்திருந்தான். இரண்டு படத்திலும் அவன் இல்லை. இந்த வருஷத்தோடு ஆட்டத்தை விடுகிறேன் என்று இதலீனாவிடம் சொல்லிவிட்டான். எங்கள் அணியோ மேலே ஏறுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், பக்கத்து ஊர் அரெய்ருவோடு.

"படத்துல நான் குத்த வச்சு உக்காந்தாலும் சரி மச்சான். ஒரு மூலையில இருந்தாப் போதும்."

"குத்த வச்சா உன் முட்டி எந்திரிக்க விடாது மாப்ளே. நின்னுக்கோ."

சிரிக்கவில்லை அவன்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஐந்தாவது மஞ்சள் அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. லாப்பாவிடம் நான்கு இருந்தன. மீதி மூன்று ஆட்டம். கணக்குத் தெரிந்தவன் என்ன செய்வான்? இன்றைக்கே வேண்டுமென்று ஒரு மஞ்சள் வாங்கி, அடுத்த ஆட்டம் வெளியே உட்கார்ந்து, கடைசி ஆட்டத்துக்குச் சுத்தமாக வருவான். மஞ்சளைக் கழுவுவது என்று அதற்குப் பெயர். எல்லாரும் செய்வதுதான். எல்லா நடுவருக்கும் தெரிந்ததுதான்.

வாழ்க்கையில் இத்தனை மஞ்சள் வாங்கியவனுக்கு இன்னும் ஒன்று வாங்குவது பெரிய காரியமா? நாங்கள் யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அன்றைக்கு வந்த நடுவர் ஒரு பல் மருத்துவர். வாரநாளில் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதுவார். ஆட்டம் எங்கள் பக்கம் இரண்டு கோல் முன்னால் போனதும் லாப்பா வேலையை ஆரம்பித்தான். பந்தை எடுத்து வெளியே உதைத்தான். நடுவர் தானே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து வைத்தார். எதிரணி ஃப்ரீ கிக் அடிக்கும்போது பந்துக்கு முன்னால் போய் நின்றான். நடுவர் தோளில் கைபோட்டு நகர்த்திவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தான். இழுபட்டவன் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எழுந்து ஓடிவிட்டான். அந்தப் பாவி கடைசி இடத்தில் இருக்கிற அணிக்காரன். அவனுக்கு வீட்டுக்குப் போனால் போதும்.

திட்டினால் சிவப்பு. காலை உடைத்தால் சிவப்பு, பாவமும் கூட. நடுவில் ஒரு மஞ்சள் வேண்டும், அது வரவில்லை.

கடைசியில் லாப்பா வாயைத் திறந்தே கேட்டுவிட்டான். நான் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், காதில் விழுந்தது.

"டாக்டர், என்ன செஞ்சா குடுப்பீங்க?"

"உனக்கா? இன்னைக்கு நீ என்னைக் கடிச்சாலும் குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"மூணு வருஷமா உனக்கு எழுதி எழுதிக் கை வலிக்குது. வேணாம்னு நீ அழுதப்பல்லாம் குடுத்தேன். வேணும்னு கேட்டா எப்படிக் குடுப்பேன்? போய் ஆடு."

பின்னால் நின்ற கூட்டத்துக்கு விஷயம் புரிந்துபோய், "குடு, குடு" என்று மேளத்தோடு கத்த ஆரம்பித்தார்கள். சொந்த ஊர் ஆட்டக்காரனுக்கு அட்டை கேட்டுச் சொந்த ஊர்க்காரனே கத்தியதை அன்றைக்குத்தான் கண்டேன். நடுவர் காதை மூடிக்கொண்டு விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார். ஜெயித்துவிட்டு ஒருவன் தலையில் கைவைத்து உட்கார்ந்ததையும் அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த ஞாயிறு மலைமேல் செராடெல் ஊரில் ஆட்டம். அங்கே தோற்றால் கடைசி ஆட்டத்துக்கு அர்த்தமே இல்லை. அங்கே லாப்பா மஞ்சள் வாங்கினால் கடைசி ஆட்டம் அவனுக்கு இல்லை. பயிற்சியாளரை நாங்கள் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மிஸ்டர் வராந்தாஷ் பஸ்ஸில் எழுந்து நின்று சொன்னார்.

"லாப்பா, நீ இன்னைக்கு பெஞ்சுல உக்காரு. மூச்சு விடு, தண்ணி குடி. வேற எதுவும் பண்ணாத."

"பெஞ்சுல இருந்தே மஞ்சள் வாங்குவான் மிஸ்டர். கையைக் கட்டிப் போடுங்க" என்றேன்.

"நீ ரோட்டைப் பாரு சேஃபெரினு."

ரோட்டைப் பார்த்தேன். அந்த மலை வளைவில் வேறு எதையும் பார்க்க முடியாது.

செராடெல்லில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. இரண்டாம் பாதியில் பாதி போனதும் லாப்பாவின் இடத்தில் ஆடியவன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மிஸ்டர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் இரண்டு முன்கள ஆட்டக்காரர், ஒரு கோல்கீப்பர், லாப்பா. லாப்பா தானே எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான்.

அதற்கப்புறம் அவன் ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வேன். ஒட்டிப் பழகியவன் ஒட்டக் கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோவிலுக்குள் வந்த போலீஸ்காரன் மாதிரி அலைந்தான். யாரையும் தொடவில்லை. எங்கே பந்து வரும் என்று முன்கூட்டியே போய் நின்றான். வந்தது. எடுத்தான். மறுபடி போய் நின்றான். மறுபடி வந்தது. அவர்களுடைய பத்தாம் எண்காரன் எரிச்சலில் இவனை இடித்தான். இவன் கையைத் தூக்கி, நான் தொடவில்லை என்று நடுவருக்குக் காட்டினான். இப்படி ஒரு ஆட்டம் இவனுக்குள் இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாமல். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் சாவியைக் கையில் வைத்து நசுக்கியதில் உள்ளங்கை கிழிந்துவிட்டது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம். எங்களுக்குக் கார்னர். மடையர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். பந்து அவர்களிடம் சிக்கி, அவர்களுடைய வேகக்காரனுக்குப் போய்விட்டது. முயல் மாதிரி ஓடுகிறவன். மைதானத்தின் பாதியில் அவன், அவனுக்கு முன்னால் லாப்பா. அந்தப் பக்கம் ஓடிவரும் எங்கள் பின்கள ஆட்டக்காரன் ஒருவன், அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர். வேறு யாருமில்லை.

லாப்பாவின் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன். வேகக்காரன் பந்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபக்கமாகப் போனான். லாப்பாவைத் தாண்டிவிட்டான். தாண்டியே விட்டான்.

அப்போது கை வந்தது. இரண்டு கையும் வந்தன. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து, காலைச் சுற்றி, மொத்தமாக அவன்மேல் விழுந்து, பாறையில் ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டான். இரண்டு பேரும் உருண்டார்கள். லாப்பாவின் காற்சட்டை ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. விழுந்த பிறகும் சட்டையை விடவில்லை.

நடுவர் ஓடி வந்தார். அருகில் மறிக்க எங்கள் பின்கள ஆட்டக்காரன் இருந்ததால் சிவப்பு இல்லை. மஞ்சள். எவ்வளவு சுலபமாகச் சட்டைப் பையிலிருந்து வந்தது அது. செராடெல்காரர்கள் மேலே நின்று காறித் துப்பினார்கள்.

ஃப்ரீ கிக் கம்பத்துக்கு மேலே மலையைப் பார்த்துப் போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. உயிரோடு கீழே இறங்கினோம்.

பஸ்ஸில் லாப்பா எனக்குப் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்தான்.

"விட்டிருக்கலாம்ல?" என்றேன். "கோல்கீப்பர் புடிச்சிருப்பான்."

"புடிச்சிருப்பான்னு நீ நம்புறியா மச்சான்?"

"இல்ல."

"அப்புறம் என்ன. ரோட்டைப் பாரு."

கடைசி ஆட்டத்தன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. வேலிக்குப் பின்னால் மத்தி சுடுகிற புகை, மேளம், அரெய்ருக்காரர்களுடைய வசவு. படக்காரர் பதினொரு பேரை நிறுத்தினார். லாப்பா மேலே பார்வையாளர் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இதலீனா அவன் முழங்காலில் கைவைத்தாள்.

"ரொட்டியைத் தின்னு. அழுதா உப்பு கூடிரும்" என்றாள்.

ஆட்டம் தொடங்கியதும் எழுந்துவிட்டான். உட்காரவே இல்லை. "இடது, இடது, அவனை விடாத, டேய் கண்ணு எங்க இருக்கு உனக்கு" என்று கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. ஒரே ஒரு கோல், எங்கள் கோல். விசில் ஊதியபோது மேளம் அடிக்கிறவன் மேளத்தையே தூக்கி எறிந்தான். லாப்பா வேலியைத் தாண்டிக் குதித்தான். அந்த முட்டியோடு. தோளில் ஒருவனைத் தூக்கி ஓடினார்கள், கோல் போட்டவனை. லாப்பா கீழே நின்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

மறுநாள் காலை காப்பிக்குப் போனேன். தோனா எர்மீனியா ஸ்டூல்மேல் ஏறிச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு பேர் படம் மாட்டியாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதே அளவு, அதே சட்டம். எங்கள் படக்காரர் செராடெல்லில் எடுத்தது. இரண்டு பேர் புல்லில் கிடக்கிறார்கள். ஒருவன் இன்னொருவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, காற்சட்டை கிழிந்து பாதித் தொடை தெரிகிறது. மேலே நடுவரின் கையும் மஞ்சள் அட்டையும்.

"இது சுவரோட வழக்கத்துல இல்லையே" என்றேன்.

"சுவரை யாரு துடைக்கிறா? நீயா?" என்றாள். "நேரா இருக்கான்னு பாரு, கோணலா இருக்கா?"

லாப்பா வந்தான். பார்த்தான். காது வரைக்கும் சிவந்துவிட்டான்.

"இதையா மாட்டுறீங்க? துடை தெரியுது. கண்ணைக்கூடத் திறக்கல நான்."

"உன் கண்ணை யாரு பாக்கப்போறா. கையைத்தான் பாப்பாங்க" என்றாள் எர்மீனியா. "இறக்கணும்னா நீயே ஏறி இறக்கிக்கோ. ஸ்டூல் இந்தா."

ஸ்டூலைப் பார்த்தான். தன் முட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"காப்பி சொல்லு மச்சான்" என்று, சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தான்.