யார் கைராசி?

அமெரிக்காவில் கிரீன் பே என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லீஸ் ஜாடின் ஒரு அதட்டல் போட்டால் வண்டி நிறையப் பிள்ளைகளும் கப்சிப். அந்தக் குரல் ஃபுட்பால் நடக்கும் ஞாயிறுகளில், ஆட்டத்துக்கு முன்னால் ஊரே அடுப்பு மூட்டிச் சுட்டுத் தின்னும் மைதானத்து வண்டி நிறுத்தத்தில் மட்டும் எடுபடாது. அங்கே அவள் புருஷன் டுவேன்தான் பெரிய ஆள்.

கல்யாணமான வருஷத்திலிருந்து இதே கூத்து. முந்தின நாளே கறிக்கடையில் கால்கடுக்க நின்று பிராட்வர்ஸ்ட் என்ற, தோலுக்குள் கொத்துக்கறி அடைத்த பிராட்டுகளை வாங்குவது அவள். வெங்காயம் அரிந்து கண்ணீர் விடுவது அவள். பீரில் வெண்ணெயும் வெங்காயமும் போட்டு, தளதளவென்று கொதித்துத் தோல் வெடித்துவிடாமல் பக்கத்திலேயே நின்று வேகவைப்பதும் அவள். காலையில் டுவேன் டிரக்கின் பின்கதவை இறக்குவான், கரியை மூட்டுவான், இடுக்கியால் நாலு புரட்டு புரட்டுவான். உடனே ஆளாளுக்கு வந்து அவன் முதுகைத் தட்டுவார்கள். தானும் ஒரு தடவை சுடுகிறேன் என்று அவள் எத்தனையோ முறை கேட்டாயிற்று. "உனக்கு எதுக்கு இந்தப் புகை? போய் உக்காரு" என்பான். அக்கறையாம்.

பரம எதிரிகளான சிகாகோக்காரர்கள் ஆட வந்த ஞாயிறன்று, கூட்டாளிகள் சேர்ந்து டுவேனுக்கு ஒரு ஏப்ரன் பரிசளித்தார்கள். ஊர் அணியின் பச்சைத் துணியில் மஞ்சள் எழுத்து: 'அடுப்பு மகாராஜா.' பக்கத்து வண்டி கோர்டி பீர் டப்பாவை உயர்த்தினான்.

"சொல்லுடா, என்னதான் ரகசியம்?"

"எல்லாம் என் கைராசிதான்."

வெந்த பிராட்டுகள் இருந்த சட்டிக்குப் பின்னால் நின்ற ஆர்லீஸ் மூடியை டங்கென்று வைத்தாள். அதோடு விட்டானா? மகாராஜா இடுக்கியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். முள்கரண்டியை எடுத்து முதல் பிராட்டில் ஒரே குத்து. அவள் பொத்திப் பொத்திக் காத்த சாறெல்லாம் கரியில் கொட்டித் தீ குப்பென்று எழுந்தது. பிராட்டைக் குத்தக் கூடாது என்பது அந்த ஊரில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும்.

"குத்தாத, டுவேன்."

"ஒரு நாள்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"ராஜாகிட்டயே வம்பா, ஆர்லீஸ்?" என்றான் கோர்டி. எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சட்டியைத் தூக்கினாள். எதிர்வரிசையில் சிகாகோக் கொடி கட்டிய வண்டி. அதன் முன்னால் ஒருவர் கரியைக் கனிய விட்டுக் காத்திருந்தார்.

"அடுப்பைக் கொஞ்சம் தர்றீங்களா? இடுக்கி இருக்கா?"

அவர் அவள் போட்டிருந்த கிரீன் பே அணியின் பச்சை ஜாக்கெட்டைப் பார்த்தார். "இருக்கு. ஆனா நீங்க அந்தப் பக்கத்து ஆளாச்சே?"

"இப்போ வரைக்கும்."

பின்னால் யாரோ "துரோகம்" என்றார்கள். அவள் திரும்பவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு தோல்கூட வெடிக்கவில்லை, எல்லாம் பொன்னிறமாகச் சிவந்தன. சிகாகோக்காரர்கள் தின்றுவிட்டு விரலைச் சூப்பினார்கள். வாசனை பிடித்துக்கொண்டு பச்சை ஜாக்கெட்டுகளும் வந்து சேர்ந்தன, முதலில் கோர்டி. வெட்கம் கெட்டவன்.

கடைசியில் டுவேன் வந்தான், ஏப்ரனோடு, கையில் வெறும் பன்னோடு.

"எல்லாரும் பாக்கறாங்க ஆர்லீஸ். வா, நம்ம அடுப்புக்குப் போலாம்."

"பாக்கட்டும். சாப்பிடணும்னா வரிசையில வா."

இரண்டாம் தடவை வாங்க நின்ற கோர்டிக்குப் பின்னால் போய் நின்றான். அவன் முறை வந்ததும் அவள் ஒரு பிராட்டை இடுக்கியில் எடுத்தாள். பன்னுக்கு மேலே பிடித்தாள், போடவில்லை.

"யார் கைராசி?"

அவன் தரையைப் பார்த்தான். "உன்னோடதுதான்."

"கோர்டிக்குக் கேக்கல. சத்தமா சொல்லு."