தாளிக்காத தெரு

போன வாரம் எங்கள் வீட்டில் கடுகு வெடித்தது. அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தார் என்றால் நம்புவீர்களா?

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

மகள் யாழினி யுகேஜி படிக்கிறாள். ஆடி பிறந்ததும் வயிற்றில் ஏதோ கிருமி. முதலில் வாந்தி, பிறகு பேதி. நின்றுவிட்டது போல இருக்கும். யூனிஃபார்மை அயர்ன் பண்ணி வைப்பேன். காலையில் மறுபடி ஆரம்பித்துவிடும்.

"வைரஸ்மா. மெதுவாத்தான் போகும். ஓஆர்எஸ்ஸை விடாம குடுங்க" என்றார் டாக்டர்.

கொடுத்தேன். ஆனாலும் மனசு சும்மா இருக்குமா? நாக்கு காய்கிறதோ? கோயில் வாசலில் வாங்கித் தந்த ஐஸா? கேன் தண்ணீரா? என் கையே சரியாகக் கழுவவில்லையோ? செல்போனில் தேடினால் பயம்தான் கூடியது. கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிஃப்ட். "இப்ப எப்படி இருக்குது?" என்பார். நான் பதில் சொல்வதற்குள் அங்கே யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று கதவைச் சாத்தியே வைத்தேன். சாத்தின கதவைத் தட்டவாவது யாராவது வருவார்கள் இல்லையா?

வரவில்லை.

பக்கத்து வீட்டு சரோஜாக்கா பட்டு நெய்கிறவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். உப்பு கேட்க வந்தால்கூட உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார். அவரே வாசல்படியில் இளநீரை வைத்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் திரும்பி நடந்தார். "அக்கா!" என்றேன். கையை மட்டும் ஆட்டினார். 'போய்ட்டு வரேன்' என்றுகூடச் சொல்லவில்லை. எதிர்வீட்டில் என்னைப் பார்த்ததும் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் கலர் கலராக இதயங்கள் வந்தன.

"அம்மா, என் எடத்துல வேற யாராச்சும் உக்காந்துட்டாங்களா?" என்று யாழினி கேட்பாள். எனக்கும் அதே சந்தேகம்தான்... என்னைப் பற்றி.

பகல் முழுக்கத் துணை, சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறிச் சத்தம். அது நின்றால் மதியச் சாப்பாட்டு நேரம். நாள் நகர்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை.

ஒருவழியாகப் பேதி நின்றது. அதுவரை வீட்டில் வெறும் கஞ்சிதான். யாழினி தயிர்சாதம் கேட்டாள். கொஞ்சமாகத் தாளித்தேன். தறி சட்டென்று நின்றது. கதவு தடதடவென்றது.

"என்னாம்மா பண்றே நீ? ஆத்தா இருக்கிற வூட்ல தாளிக்கிறியே! புள்ளைக்கு இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல இல்ல?"

"எந்த ஆத்தாக்கா?"

சரோஜாக்கா வாசல் நிலையைக் காட்டினார். வேப்பிலைக் கொத்து.

ஆடி வெள்ளிக்கென்று மாமியார் போனில் சொல்லி நான் கட்டியது. மற்ற வீடுகளில் காய்ந்ததும் எடுத்துவிட்டார்கள். நான் மட்டும், குழந்தைக்கு உடம்பு சரியில்லையே என்று பயந்து, அடுத்த வெள்ளி பச்சையாகப் புதுக் கொத்து செருகியிருந்தேன். பள்ளிக்குப் போகாத குழந்தை, சாத்தின கதவு, வாசலில் வேப்பிலை — அம்மை போட்டிருக்கிறது என்று நினைக்காமல் தெரு வேறென்ன நினைக்கும்? அம்மை வீட்டில் தாளிக்க மாட்டார்கள். சட்டென்று உள்ளே நுழையவும் மாட்டார்கள். கிளம்பும்போது 'வரேன்' சொல்ல மாட்டார்கள். சொன்னால் அம்மையும் திரும்ப வந்துவிடுமாம்.

"அம்மை இல்லக்கா. வயித்துப்போக்கு."

"வயித்துப்போக்கா? அடிப்பாவி! ஒரே செவுரு ஆச்சேன்னு நானும் தாளிக்காமலே கொழம்பு வெச்சிக்கினு இருக்கேன். சோத்துத் தட்டப் பார்த்தாலே எங்க வூட்டுக்காரருக்குத்தான் ஆத்தா எறங்குது!"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். ஐஸ், கேன் தண்ணீர், என் கை... எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வயிறு கெடாத புள்ள எங்கனா இருக்குதாம்மா? நீ ஒண்ணும் பண்ணல" என்றார்.

அத்தனை நாளாக செல்போனில் நான் தேடியது இதைத்தான்.

நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. சாத்தின கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்தால், மரியாதையும் புறக்கணிப்பும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

அக்கா எழுந்தார். நிலையில் இருந்த வேப்பிலையை எடுத்து என் கையில் கொடுத்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "போய்ட்டு வரேம்மா!" என்றார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடித்தது. தறி அப்புறம்தான் ஓடியது.