டி.வி.க்கு முதுகைக் காட்டியவர்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசைவீட்டு லயத்தார் சேர்ந்து வாங்கிய எச்.டி. டி.வி.யில் கிரிக்கெட் சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுநாள் இறுதிப் போட்டி. ஹட்டனிலிருந்து டிஷ்காரர் வந்தார். ஒல்லி உடம்பு, காதை மூடிய மப்ளர். வந்தவர் டி.வி.க்கு முதுகைக் காட்டி, வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல்.

"படத்தப் பாருங்கண்ணே."

"நீங்க பாருங்க. இப்ப ஒடையும்."

உடைந்தது.

"இப்ப சரியாகும்."

சரியானது. ஐந்தாறு தடவை சொன்னார், ஒன்றுகூடத் தப்பவில்லை. லயமே வாயைப் பிளந்தது.

அவர் பார்த்தது டிஷ்ஷுக்கு நேரே நின்ற நிழல்மரத்தை. காற்றில் அதன் கொப்பு குறுக்கே வரும்போதெல்லாம் படம் உடைந்திருக்கிறது.

"இந்தச் சேனல் மட்டும் எச்.டி.ங்க, அதுக்கு சிக்னல் கூட வேணும். எல மறைச்சாலும் தாங்காது."

ஒருவர் கத்தி எடுக்க ஓடினார்.

"தோட்டத்து மரங்க, வெட்டுனா தொர சும்மா விடமாட்டாரு" என்று தடுத்தவர், டிஷ்ஷைக் கழற்றிக் கூரையின் மறுமுனையில் மாட்டினார்.

பந்தின் தையல்கூடத் தெரிந்தது. வந்து பார்க்கச் சொல்லிக் கத்தினோம். அவரோ மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் ஆட்டத்தில் பாதியை நானும் அவரைப்போல வாசலில் நின்று, அந்தக் கொப்பைப் பார்த்தே கழித்தேன்.